லேசர் மேசைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு

ஒவ்வோர் ஆகஸ்டிலும் சிங்கப்பூரின் ஆய்வுக்கூடங்களுக்குப் புது முகங்கள் வருகின்றன. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் முனைவர் பட்டத்துக்காக விமானம் ஏறி வருகிறவர்கள் உண்டு. ஈசூனிலும் ஜூரோங்கிலும் பிறந்து வளர்ந்து இங்கேயே படித்துத் தேறியவர்களும் உண்டு. அவர்களில் சிலர் கையில் எடுக்கும் வேலை இது: லேசர் கற்றையை வேண்டிய வடிவத்துக்கு மாற்றி, திரவமாக இருக்கும் பிசினை அந்த ஒளியாலேயே கெட்டியாக்கி, தலைமுடியின் தடிமனுக்குள் அடங்கிவிடும் தூண், குழாய், கிண்ணம் போன்றவற்றைச் செய்து, அவற்றில் உயிருள்ள செல்களை வளர்ப்பது. ஒளியியலும் வேதியியலும் உயிரியலும் ஒரே கவர்ஸ்லிப்பின் மேல் கூடுகிற வேலை. மூன்றில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் சாப்பிட உட்காரும்போது அவர்கள் என்னிடம் கேட்பவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை, இனி வருகிறவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

1. முதல் மாதம் லேசரைத் தொடாதீர்கள். செல்லைப் பாருங்கள்.

வந்த வாரமே கணினியில் முப்பரிமாண வரைபடம் போட உட்கார்ந்துவிடுகிறார்கள். வேண்டாம். செல் வளர்க்கும் அறைக்குப் போங்கள். அங்கே மூத்த மாணவராக இருக்கும் அக்காவின் பக்கத்தில் நின்று, நீங்கள் எந்தச் செல்லுக்காகக் கட்டப்போகிறீர்களோ அது தட்டில் எப்படி ஒட்டுகிறது, எவ்வளவு பரவுகிறது, எத்தனை மணி நேரத்தில் இரண்டாகிறது என்று தினமும் பாருங்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் செல் ஊடகத்தில் மிதக்கும்போது 15, 20 மைக்ரோமீட்டர் உருண்டை. அதுவே தரையைப் பிடித்துக்கொண்டால் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு நீளத்துக்குக் கை விரிக்கும். இந்த இரண்டு அளவும் கண்ணில் பதியாமல் கிண்ணத்தின் விட்டத்தை எப்படி முடிவு செய்வீர்கள்?

வடிவம் செல்லுக்கு அலங்காரம் அல்ல. 1997இல் சென், இங்பர், வைட்சைட்ஸ் முதலானோர் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ரத்த நாளத்தின் உட்சுவர் செல்களுக்கு ஒட்டிக்கொள்ளக் குறுகிய ஒற்றைத் தீவு கொடுத்தால் அவை மடிந்தன. அதே அளவு ஒட்டும் பரப்பைச் சிறு சிறு புள்ளிகளாகப் பிரித்துத் தள்ளித் தள்ளி வைத்தபோது செல் அவற்றின் மேல் விரிந்து படுத்தது, பிழைத்தது. பிழைப்பதும் சாவதும் எவ்வளவு விரிய முடிகிறது என்பதில் இருந்தது. 2006இல் எங்லரும் டிஷரும் பென்சில்வேனியாவில் தரையின் மென்மையை மாற்றிப் பார்த்தார்கள். மூளைத்திசு போல 1 கிலோபாஸ்கல் அளவு மென்மையான தரையில் ஸ்டெம் செல்கள் நரம்பின் சாயலுக்குப் போயின. 10 கிலோபாஸ்கலை ஒட்டிய தரையில் தசையின் சாயலுக்கும், 30ஐ ஒட்டிய தரையில் எலும்பின் சாயலுக்கும் போயின.

வடிவமும் மென்மையும் செல்லை எப்படி மாற்றுகின்றன என்ற இந்தக் கேள்விக்காகவே கென்ட் ரிட்ஜில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், 2009இல் மெக்கானோபயாலஜி ஆய்வுக்கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் மைக்கேல் ஷீட்ஸ், 2012இல் லாஸ்கர் விருது பெற்ற மூவரில் ஒருவர். அதற்கும் முன்பே, 2004இல், அதே பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் வாட், வான் கான் குழுவினர் புரோட்டான் கற்றையால் பிளாஸ்டிக்கில் மேடுபள்ளங்கள் செதுக்கி, அவற்றின் மேல் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் எந்தத் திசையில் வளர்கின்றன என்று பார்த்திருக்கிறார்கள். ஆகவே நீங்கள் வந்திருப்பது இந்த வேலைக்குப் புதிதான ஊருக்கு அல்ல. முன்னால் செய்தவர்களின் கட்டுரைகளைப் படித்துவிட்டு வரைபடம் போடுங்கள்.

2. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் மூன்றையும் கழற்றிவிட்டு அறைக்குள் போங்கள்.

செராங்கூன் சாலையில் அம்மா ஆசையாக வாங்கிக் கொடுத்த வளையலாக இருக்கலாம். லேசருக்கு அது வளைந்த கண்ணாடி. இந்த வேலையில் பெரும்பாலும் பயன்படுவது 780 நானோமீட்டர் ஒளி. கண்ணுக்கு மங்கிய சிவப்பாகத்தான் தெரியும், சில நேரம் தெரியவே தெரியாது. பிரகாசம் தெரியாததால் கண் தானாக இமைக்காது. விழித்திரையில் குவிவது மட்டும் குறையாமல் குவியும். இங்கே உயர்சக்தி லேசர்கள் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டவை. பயிற்சி முடித்து, பெயர் பதிவான பிறகே மேசைக்கு வாருங்கள். கற்றை ஓடும் மட்டத்தில் கண்ணை வைத்து எதையும் தேடாதீர்கள். திருகாணி கீழே விழுந்தால் ஷட்டரை மூடிவிட்டுக் குனியுங்கள்.

3. இரண்டு ஃபோட்டான் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

780 நானோமீட்டர் ஒளிக்குப் பிசின் கண்ணாடி மாதிரி தெளிவானது. அது பாட்டுக்கு ஊடுருவிப் போய்விடும். இரண்டு ஃபோட்டான்கள் ஒரே கணத்தில் ஒரே மூலக்கூறில் விழுந்தால்தான் 390 நானோமீட்டருக்குரிய ஆற்றல் சேர்ந்து வேதிவினை தொடங்கும். இப்படி நடக்கலாம் என்று மரியா கோப்பர்ட்-மேயர் 1931இல் வெளியான தம் முனைவர் ஆய்வேட்டில் காகிதத்தில் கணக்கிட்டுச் சொன்னார். லேசர் பிறந்த பிறகு 1961இல்தான் அது கண்ணால் காணப்பட்டது. 1997இல் மருவோ, நகமுரா, கவாடா ஆகியோர் இதைக்கொண்டு முப்பரிமாண உருவங்களைக் கெட்டியாக்கினார்கள். 2001இல் கவாடா குழு 10 மைக்ரோமீட்டர் நீளக் காளை ஒன்றைச் செய்து ‘நேச்சர்’ இதழில் காட்டியது. ரத்தச் சிவப்பணுவைவிடச் சற்றே பெரிய காளை.

நீங்கள் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்று: வினையின் வேகம் ஒளிச்செறிவின் வர்க்கத்தைப் பொறுத்தது. செறிவு பாதியானால் வினை கால்வாசி. அதனால்தான் குவியம் இருக்கும் இடத்தில் மட்டும் பிசின் உறைகிறது, மேலும் கீழும் உறைவதில்லை. 100 ஃபெம்டோவினாடித் துடிப்பு, வினாடிக்கு 8 கோடித் துடிப்பு, சராசரி 20 மில்லிவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துடிப்பின் உச்சத்தில் 2.5 கிலோவாட் வருகிறது. மீட்டரில் தெரியும் சின்ன எண்ணைப் பார்த்து அலட்சியமாக இருக்காதீர்கள்.

உறையத் தொடங்கும் செறிவுக்கும், கொதித்துக் குமிழி விடும் செறிவுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. சில பிசின்களில் அது அகலம், சிலவற்றில் மிகக் குறுகல். புதுப் புட்டி திறக்கும் ஒவ்வொரு முறையும் வரிசைக்கு ஒரு வேகம், நெடுக்குக்கு ஒரு சக்தி என்று கட்டம் போட்டு எழுதிப் பார்த்து, அந்தச் சந்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு பிற்பகல் போகும். போகட்டும்.

4. எத்தனை மீட்டர் என்று கணக்கிட்டுவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

100 மைக்ரோமீட்டர் நீள அகலமும் 20 மைக்ரோமீட்டர் உயரமும் உள்ள ஒரு கட்டி. கோட்டுக்குக் கோடு 0.2 மைக்ரோமீட்டர், அடுக்குக்கு அடுக்கு 0.5 மைக்ரோமீட்டர். ஓர் அடுக்கில் 500 கோடுகள், 5 சென்டிமீட்டர். 40 அடுக்குக்கு 2 மீட்டர். பீஸோ மேடையில் வினாடிக்கு 100 மைக்ரோமீட்டர் வேகத்தில் ஒற்றைப் புள்ளியால் எழுதினால் ஐந்தரை மணி நேரம். இது ஒரே ஒரு கட்டி. உயிரியல்காரர் நம்பகமான முடிவு சொல்ல நூறு கட்டி கேட்பார், அதுவும் ஒரே மாதிரியான நூறு.

கற்றையை வடிவமைப்பது இதற்காகத்தான். முறுக்கு உழக்கில் நட்சத்திரத் தட்டைப் போட்டு அழுத்தினால் நட்சத்திரமாகவே வருகிறது. யாரும் ஐந்து முனையையும் விரலால் கிள்ளி வைப்பதில்லை. ஒளியை வளையமாகக் குவித்து, குவியத்தை மேல்நோக்கி இழுத்தால் குழாய் எழுந்து வரும். ஒரு கற்றையைப் பத்தாகப் பிரித்தால் பத்துத் தூண் ஒன்றாக எழும். கண்காட்சிப் பொருளாக ஓர் உருவத்தைச் செய்வதானால் ஒற்றைப் புள்ளி போதும். செல் வளர்ப்புக்கு எண்ணிக்கை வேண்டும். வேகம் பிடிக்காவிட்டால் இந்தத் துறை படக்காட்சியோடு நின்றுவிடும் என்பது என் திடமான கருத்து.

5. எந்த வேலைக்கு எந்தக் கற்றை என்று தெரிந்து எடுங்கள்.

பெசல் கற்றை, 1987இல் டர்னின் முன்வைத்தது. ஊசிபோல நீண்டு நிற்கும் நடு ஒளி, அதைச் சுற்றி வளையங்கள். உயரமான தூணுக்கு ஏற்றது. முதல் வளையத்தின் செறிவு நடுவில் உள்ளதில் 16 விழுக்காடு. வர்க்கக் கணக்கில் அது 3 விழுக்காட்டுக்கும் கீழே போவதால் வளையம் சாதாரணமாக உறையாது. ஆனால் அவசரப்பட்டுச் சக்தியைக் கூட்டினால் வளையமும் உறைந்து, தூணுக்கு வேண்டாத சட்டை ஒன்று வந்துவிடும். அந்தச் சட்டை ஒளி நுண்ணோக்கியில் தெரியாமல் போகலாம். செல்லுக்கு அது தெரியும். தூணைச் சுற்றிய மெல்லிய படலத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும்.

சுழல் கற்றை, அச்சைச் சுற்றி ஒளியலையின் கட்டம் (phase) முறுக்கிக்கொண்டு போவது. நடுவில் இருட்டு, சுற்றிலும் ஒளி. இதற்குச் சுழல் உந்தம் உண்டு என்று ஆலனும் குழுவினரும் 1992இல் காட்டினார்கள். ஒற்றைச் செல்லை அமர்த்தும் வளையக் கிண்ணத்துக்கும் குழாய்க்கும் இது கைகொடுக்கும். முறுக்கின் எண்ணைக் கூட்டினால் வளையம் பெரிதாகும். பெரிதாகும்போது அதே சக்தி அதிகப் பரப்பில் பரவுவதால் சுவர் உறையாமல் போகும். எண்ணை மாற்றும்போதெல்லாம், வேகமும் சக்தியும் எழுதிப் பார்க்கும் கட்டத்தை மறுபடி போட வேண்டும்.

விரும்பிய எந்த உருவமும் வேண்டுமானால், அடுத்த குறிப்பில் வரும் ஒளி மாற்றித் திரையில் ஏற்ற ஹாலோகிராம் கணக்கிட வேண்டும். கெர்ச்பெர்க், சாக்ஸ்டன் இருவரும் 1972இல் கொடுத்த சுழற்சிக் கணக்குத்தான் பலரும் இன்றும் தொடங்கும் இடம். அதில் வரும் உருவம் புள்ளி புள்ளியாகத் திட்டுத் திட்டாக இருக்கும். ஒரே உருவத்துக்குப் பல ஹாலோகிராம்களைக் கணக்கிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, திட்டுகளைச் சராசரியாக்குங்கள். ஒரே ஹாலோகிராமில் சுவர் எழுப்பினால் அது ஓட்டைச் சுவர்.

இதில் நம்மவர் ஒருவரின் பெயரையும் நினைவில் வையுங்கள். சர் சி. வி. ராமனின் சகோதரி மகன் பஞ்சரத்னம், பெங்களூரில் ராமன் ஆய்வுக்கழகத்தில், 22 வயதில், 1956இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒளியின் முனைவாக்கத்தைப் பல நிலைகளின் வழியாகக் கொண்டுபோய் மீண்டும் தொடங்கிய நிலைக்கே திருப்பினால், போன வழியைப் பொறுத்து ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்ந்துவிடுகிறது என்று அதில் காட்டினார். பல ஆண்டுகள் அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. அவர் 1969இல் 35 வயதில் ஆக்ஸ்போர்டில் மறைந்தார். சாதாரணக் கற்றையைச் சுழல் கற்றையாக்க இன்று மேசையில் செருகும் திரவப்படிகத் தகடு, 2006இல் நேப்பிள்ஸில் மருச்சி குழு செய்து காட்டியது, முழுக்க அந்தக் கட்டத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. தகட்டைக் கையில் எடுக்கும்போது அவர் கட்டுரையையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். சிறிய கட்டுரை, தெளிவான கட்டுரை.

6. ஒளி மாற்றித் திரையை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்.

ஸ்பேஷியல் லைட் மாடுலேட்டர் என்று சொல்லும் அந்தத் திரவப்படிகத் திரை, நீங்கள் அனுப்பும் 256 சாம்பல் நிலைகளுக்கேற்பக் கட்டத்தை மாற்றுகிறது. எந்தச் சாம்பலுக்கு எவ்வளவு கட்டம் என்பது அலைநீளத்துக்கு அலைநீளம் வேறு. தயாரித்தவர் கொடுத்த அட்டவணை அவருடைய மேசைக்கானது. உங்கள் மேசையில், உங்கள் அலைநீளத்தில், நீங்கள் வேலை செய்யும் சக்தியில் அளந்து புதிதாக அட்டவணை போடுங்கள். சக்தி கூடினால் திரை சூடாகும், அட்டவணை மாறும்.

எவ்வளவு நன்றாக அளந்தாலும் கொஞ்சம் ஒளி திரையின் பேச்சைக் கேட்காமல் நேரே வந்து நடுவில் ஒரு புள்ளியாகக் குவியும். உங்கள் அழகான வளையத்தின் நடுவே ஒரு முள் முளைத்து நிற்கும். ஹாலோகிராமோடு சாய்வுக் கோடுகளைச் சேர்த்து உருவத்தை ஒதுக்கிவிட்டு, நடுப்புள்ளியைத் தடுப்பு வைத்து மறையுங்கள்.

அதே திரையால் குறைகளையும் திருத்தலாம். எண்ணெய், கண்ணாடி, பிசின் மூன்றின் ஒளிவிலகல் எண்ணும் பொருந்தாதபோது ஆழத்தில் குவியம் இழுபட்டுப் போகும். எதிர்க் கட்டத்தைக் கணக்கிட்டுத் திரையில் சேர்த்துவிட்டால் அது மீண்டும் கூராகும். உயரமான கட்டுமானம் செய்பவர்கள் இதை விட்டுவிடவே கூடாது.

7. வட்ட முனைவாக்கம் வலமா இடமா என்று பாருங்கள்.

எண்ணியல் துளை (NA) 1.4 உள்ள ஆப்ஜெக்டிவில் சுழல் கற்றையைக் குவிக்கும்போது, ஒளியின் வட்டச் சுழற்சியும் கற்றையின் முறுக்கும் ஒரே பக்கம் இருந்தால் நடு இருட்டு இருட்டாகவே இருக்கும். எதிரெதிராக இருந்தால், முறுக்கெண் ஒன்றாக உள்ள கற்றையில், அச்சு வழியாக ஓடும் மின்புலம் நடுவில் மிஞ்சி நிற்கும். நடு வெளுத்துவிடும், குழாயின் துளை அடைத்துக்கொள்ளும். கால் அலைத் தகட்டைத் 90 பாகை திருப்பினால் சரியாகிவிடும் கோளாறு இது. இதற்காகப் பிசினை மாற்றி, சக்தியை மாற்றி, மென்பொருளை மாற்றி வாரக்கணக்கில் அலைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முதலில் தகட்டைத் திருப்புங்கள்.

8. இந்த ஊரின் காற்றை மறக்காதீர்கள். ஈரப்பதம் அதிகம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பிசின் புட்டியை அறையின் வெப்பத்துக்கு வரும்வரை திறக்காதீர்கள். உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். இரவில் ஏர்கான் அளவு மாறும் கட்டடமானால் கற்றை நகர்ந்துவிடும். நீண்ட நேரம் எழுதும் வேலையை, ஏர்கான் மாறாத நேரத்துக்குள் முடியுமாறு வையுங்கள்.

9. கெட்டியான பிளாஸ்டிக்கும் மெல்லிய தூணானால் வளையும்.

பெரும்பாலான அக்ரிலேட் பிசின்கள் உறைந்தபின் கிகாபாஸ்கல் அளவு கெட்டி. நம் உடலின் மென்மையான திசுக்கள் கிலோபாஸ்கல். பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். அப்படியிருக்க இந்தப் பொருளால் என்ன பயன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். செல் பிளாஸ்டிக்கின் உள்ளே நுழைந்து அதன் கெட்டியை அளப்பதில்லை. பிடித்து இழுக்கும்போது எவ்வளவு நகர்கிறது என்பதைத்தான் அறியும்.

தூணின் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கையும் உயரத்தின் மூன்றாம் அடுக்கையும் பொறுத்தது. விட்டத்தைப் பாதியாக்கினால் விறைப்பு பதினாறில் ஒன்று. உயரத்தை இரட்டித்தால் எட்டில் ஒன்று. 2 கிகாபாஸ்கல் பொருளில் 1 மைக்ரோமீட்டர் விட்டமும் 20 மைக்ரோமீட்டர் உயரமும் உள்ள தூணின் நுனியை 1 மைக்ரோமீட்டர் நகர்த்த ஏறத்தாழ 37 நானோநியூட்டன் போதும். செல்லின் ஒட்டுமுனைகள் சில நானோநியூட்டன் முதல் சில பத்து நானோநியூட்டன் வரை இழுப்பவை. ஆக அந்தத் தூண் வளையும், வளைவதை அளந்தால் செல்லின் விசையும் தெரியும். கார்ல்ஸ்ரூவேயில் 2010இல் கோழியின் இதயச் செல்கள் இப்படிச் செய்த மெல்லிய கட்டுமானத்தைத் துடிக்கத் துடிக்க இழுப்பதைப் படமெடுத்தார்கள். அடுத்த ஆண்டு அதே ஊரில், செல் ஒட்டாத பொருளில் சட்டமும், ஒட்டும் பொருளில் சின்னப் படிகளும் எழுதி, செல் எந்த இடத்தைப் பிடிக்க வேண்டும் என்பதையே தீர்மானித்தார்கள். இந்த இரண்டு கட்டுரைகளையும் படிக்காமல் யாரும் தூண் வரையக் கூடாது என்பேன்.

இடைவெளி விடும்போது செல்லின் கருவையும் நினையுங்கள். செல் தன் உடலை எப்படியும் ஒடுக்கிக்கொள்ளும். கரு அப்படி அல்ல. துளை 3 மைக்ரோமீட்டருக்குக் கீழே இறங்கினால் பல செல்கள் கையை உள்ளே விட்டுவிட்டுக் கருவோடு வெளியிலேயே நின்றுவிடும். அதுதான் உங்கள் கேள்வி என்றால் சரி. இல்லையென்றால் அகலமாக்குங்கள்.

10. கழுவுவது எழுதுவதைவிட முக்கியம்.

முதலில் கண்ணாடியில் சிலேன் பூசுங்கள். பூசாத கண்ணாடியில் கட்டுமானம் ஒருநாள் நிற்கும். 37 பாகையில், உப்புநீரில், மூன்றாம் நாள் கழன்று மிதக்கும். எழுதி முடித்ததும் கரைப்பானில் உறையாத பிசினைக் கரைத்து, ஐசோபுரோப்பனாலில் அலசுவீர்கள். அங்கே காற்றில் உலர விட்டால் பின்வாங்கும் திரவத்தின் மேற்பரப்பு இழுத்து, மெல்லிய தூண்களை ஒன்றோடொன்று சாய்த்து ஒட்டிவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு என்றால் கார்பன் டை ஆக்சைடு உய்யநிலை உலர்த்தியில் போடுங்கள். செல்லுக்கு என்றால் உலர்த்தவே வேண்டாம். ஐசோபுரோப்பனாலிலிருந்து எத்தனால், எத்தனாலிலிருந்து தாங்கல் உப்புநீர் என்று, எப்போதும் ஈரத்திலேயே வைத்து மாற்றுங்கள். 70 விழுக்காடு எத்தனாலிலேயே கிருமிநீக்கமும் முடிந்துவிடும்.

பிறகு ஊறவையுங்கள். வினையில் சேராமல் மிஞ்சிய தொடக்கி மூலக்கூறுகள் பிசினின் உள்ளே தங்கி, நாள்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். செல்கள் இரண்டாம் நாள் உருண்டு கழன்றால் வடிவத்தைக் குறைசொல்லும் முன் இதைச் சந்தேகப்படுங்கள். புற ஊதா விளக்கின் கீழ் வைத்து மிச்சத்தையும் உறையவைத்து, பல நாள் ஊறவைத்து, ஊறிய நீரைச் சாதாரணத் தட்டில் வளரும் செல்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். அவை வாடினால் இன்னும் ஊறட்டும்.

அதே தொடக்கிகள் நீல, பச்சை ஒளியில் தாமே ஒளிர்வதும் உண்டு. சாயம் ஒளிர்கிறதா சுவர் ஒளிர்கிறதா என்று தெரியாமல் போகும். செல் இல்லாத வெறும் கட்டுமானத்தை முதலில் படமெடுத்து வைத்துக்கொண்டு, முடிந்தவரை தொலைசிவப்புச் சாயங்களைத் தேர்ந்தெடுங்கள்.

11. லேசர் வேண்டாத இடத்தில் லேசர் வேண்டாம்.

பெரும்பாலோர் மனதுக்குப் பிடிக்காத அறிவுரை இது. மேலிருந்து பார்த்தால் ஒரே வடிவமாக நேராக எழும் தூண்களும் குழிகளும் போதும் என்றால், ஓர் அச்சு செய்து அதிலிருந்து சிலிகோன் ரப்பரில் ஆயிரக்கணக்கில் வார்த்துவிடலாம். இங்கே மெக்கானோபயாலஜி ஆய்வுக்கழகமும் போர்தோ பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 2022இல் ‘நேச்சர் மெத்தட்ஸ்’ இதழில் வெளியிட்ட குழிகளைப் பாருங்கள். சுவர்கள் 45 பாகையில் சாய்ந்த கண்ணாடிகள். உள்ளே ஆர்கனாய்டு, அதாவது உறுப்பின் சாயலில் வளரும் செல்திரள், வளர்கிறது. ஒரே ஆப்ஜெக்டிவ் வழியாக ஒளித்தகட்டைச் சுவரில் பிரதிபலித்து நூற்றுக்கணக்கான ஆர்கனாய்டுகளை முப்பரிமாணத்தில் படமெடுக்கிறார்கள். அந்தக் குழிகள் அச்சில் வார்த்தவை. யாரும் அவற்றை ஒவ்வொன்றாக லேசரால் எழுதவில்லை. அதனால்தான் அத்தனை கிடைத்தன.

வளைந்த குழாய், உள்ளே கூடான சட்டம், உயரத்துக்கு உயரம் மாறும் துளை, இரண்டு பொருள் ஒன்றாக இருக்கும் படி, இவற்றை அச்சு தராது. அங்கே வடிவமைத்த கற்றையோடு வாருங்கள். அல்லது ஒரே ஒரு மூல அச்சை லேசரால் செய்து, மீதியை வார்த்து எடுங்கள்.

12. இன்குபேட்டருக்கு விடுமுறை இல்லை.

தீபாவளி இங்கே பொது விடுமுறை. தைப்பூசம் 1968 முதல் இல்லை. செல்களுக்கு இரண்டும் ஒன்றுதான். ஊடகம் மாற்றும் நாள் வந்தால் மாற்ற வேண்டும். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடியோடு நடக்கப்போகிற தம்பி, அன்றைக்கு யார் தட்டுகளைப் பார்ப்பார்கள் என்று இரண்டு வாரம் முன்பே பேசி வைக்க வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு நீங்கள் அவர்கள் தட்டுகளைப் பாருங்கள். தீபாவளிக்கு அவர்கள் உங்கள் தட்டுகளைப் பார்ப்பார்கள். ஹரிராயாவுக்கும் அப்படியே. நல்ல கூடங்களில் இந்தக் கொடுக்கல் வாங்கல் கேட்காமலே நடக்கும். நீங்கள் புதியவர் என்பதால் முதல் முறை நீங்களே போய்க் கேளுங்கள்.

தலையில் மல்லிகையும் நெற்றியில் விபூதியுமாக நேரே செல் அறைக்குள் நுழைய வேண்டாம். பூவையும் முகப்பவுடரையும் வெளியே விட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வாருங்கள். தூள் எதுவானாலும் ஹூடுக்குள் அது தூசிதான்.

13. குறிப்பேட்டில் எண்ணை எழுதுங்கள், ‘வழக்கம்போல’ என்று எழுதாதீர்கள். ஆப்ஜெக்டிவின் பின்புறம் அளந்த சக்தி, வேகம், அடுக்கு இடைவெளி, ஹாலோகிராம் கோப்பின் பெயர், பிசின் புட்டியின் எண், செல் எத்தனையாவது தலைமுறை. இந்த ஆறும் இல்லாத பக்கம் அடுத்து வருகிறவருக்குப் பயன்படாது.

14. தட்டையான தரையையும் கொண்டுவாருங்கள்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் உங்கள் கட்டுமானம் கண்ணைப் பறிக்கும். அது உலர்ந்தது, பொன் பூசியது, செல் இல்லாதது. அந்தப் படம் உங்கள் கைத்திறனுக்குச் சான்று. செல்லைப் பற்றி எதுவும் சொல்லாது. செல் குழாய்க்குள் நீண்டு வளர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால், அதே பிசினை, அதே சக்தியில், அதே நாளில் தட்டையாக எழுதி, அதே அளவு ஃபைப்ரோனெக்டின் பூசி, அதே குடுவையிலிருந்து எடுத்த செல்களை அதன் மேலும் விட்டிருக்க வேண்டும். தட்டையிலும் அது நீண்டுதான் வளர்ந்தது என்றால் குழாய்க்கு அதில் பங்கு இல்லை. மாதக்கணக்கில் உழைத்த பிறகு இதைக் கேட்பது கசக்கும், ஆனாலும் முதல் தொகுதியிலேயே தட்டையும் இருக்கட்டும். உயிரியல் பக்கத்தில் உள்ளவர் ஒருவரிடம் எது குழாய் எது தட்டை என்று சொல்லாமல் படங்களைக் கொடுத்துச் செல்களின் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். அவர் அளந்து தந்த எண்களோடு அடுத்த ஞாயிறு தேக்காவுக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.